கலைக் கழகங்களின் கணக்குப் பக்கம்

மலேசிய, சிங்கைத் தமிழ்க் கலைக் கழகங்கள் வெளியிடும் ஆண்டறிக்கைகளைத் தமிழ் உரைநடையின் ஒரு வகையாகவே கொண்டு ஆராயலாம். தலைவர் உரையில் நடை ஆற்றொழுக்காக ஓடும். செயலாளர் அறிக்கையில் நாடகம் நடந்த நாள், மண்டபம், மாலை சூட்டப்பெற்ற பெரியோர் யாவும் முறையே வரும். பொருளாளர் பக்கத்திற்கு வந்ததும் மொழி ஊமையாகிவிடுகிறது. வரவு நான்கு வரி. செலவு ஐந்து வரி. அவ்வைந்தனுள் பெரியது “இதர செலவுகள்”.

இதனால் பொருளாளரை ஐயுறுதல் பொருந்தாது. மேடை விளக்கிற்கும் நடிகர் உணவிற்கும் தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்தவர் பெரும்பாலும் அவரே. கொடுத்ததை எழுதிவைப்பதில்லை; பற்றுச்சீட்டும் கேட்பதில்லை. ஆகவே ஒரு நாடகத்திற்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்பதை அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர் அறியமாட்டார். தொண்டுள்ளத்தாலேயே கணக்கு மறைந்து போகிறது.

கணக்கு வணிகர்க்கு உரியது, கலைஞர்க்கு ஆகாது என்பாரும் உளர். அரை மாத்திரை பிசகினும் முகம் சுளிக்கும் மிருதங்கக்காரர் இதைச் சொல்வது வியப்பே! தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டை அவர்கள் நோக்குவார்களாக. முதலாம் இராசராசன் அங்குக் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவரின் பெயர், அவர் முன்பிருந்த கோயில், இப்போது குடியிருக்கும் தெரு, வீட்டின் வரிசை எண், பெறும் பங்கு ஆகியவை கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பங்கு ஒன்றுக்கு ஆண்டிற்கு 100 கலம் நெல். அதனை அளக்கும் மரக்காலின் பெயர் ஆடவல்லான் என்பதும் விடுபடவில்லை. நட்டுவர், பாடுவோர், கருவி இசைப்போர் பங்குகளும் அவ்வாறே. பங்குடையார் இறந்தால் உறவினர் பெறுவர் என்றும், அவருக்குத் தகுதி இல்லையேல் தகுதியுடையார் தேர்ந்தெடுக்கப்படுவர் என்றும் விதி கூறுகிறது. (அப்பெண்டிரின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பது வேறோர் ஆராய்ச்சி.) கணக்குக் கேட்பார் எவருமில்லாத பேரரசன், கோயிலுக்கு வருவோர் காணும் சுவரில் இதனை எழுதுவித்தான். இன்றைய கழகங்களோ “கலைஞர் மரியாதை” என ஒரே வரியில் அனைவரையும் அடக்கிவிடுகின்றன.

மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்பவேண்டும் என்கிறது. சிங்கையில் 2005இல் ஒரு பெரிய அறநிறுவனத்தின் நிதி நடைமுறைகள் வழக்கு மன்றத்தில் வெளிப்பட்டு மக்கள் கொதித்தெழுந்தபின், 2007இல் அறநிறுவனங்களுக்கென நல்லாட்சி நெறிக்கோவை வகுக்கப்பெற்றது. பதிவாளர்க்கு அனுப்பிய அதே தாள் உறுப்பினர் கையில் கூட்ட நாளன்றுதான் கிடைக்கிறதெனில், அதனைப் படித்து வினவ எவர்க்கு நேரமுண்டு?

எல்லாவற்றிலும் வருந்தத்தக்கது குறித்த நோக்கத்திற்கெனத் திரட்டும் நிதியாகும். தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்கென்று ஒரு நாடகம் நடத்தி 5,000 வெள்ளி திரண்டதாகக் கொள்வோம். அத்தொகை மேடையில் அறிவிக்கப்படும், கைதட்டல் எழும். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, சீட்டு அச்சு யாவும் போகப் பள்ளிக்குச் சேர்ந்தது 1,200 என்றால் அதனை அறிவிக்க மேடை இராது. இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் நிற்கவேண்டும். விற்ற சீட்டு எத்தனை, இலவசமாகக் கொடுத்தது எத்தனை, மலருக்கு விளம்பரம் தருவதாகச் சொல்லிப் பணம் தராதவர் எத்தனை பேர் என்பனவும் வேண்டும். பள்ளிக்கென வந்த பணத்தைச் சென்ற ஆண்டு நாட்டிய விழாவின் கடனுக்குத் திருப்புவது, பின்னர் ஈடு செய்யும் எண்ணத்தோடு செய்யினும், தவறே.

பால்மரம் வெட்டும் பெண்ணொருத்தி நாடகம் பார்க்க நேரமில்லாதபோதும் பத்து வெள்ளிக்குச் சீட்டு வாங்குகிறாள். பொதுக்கூட்டத்திற்கு அவள் வரமாட்டாள், உறுப்பினரும் அல்லள். ஆண்டறிக்கை அவள் கைக்கு எட்டாது. சீட்டு விற்ற அதே தோட்டக் கடையின் சுவரில் அக்கணக்குப் பக்கத்தை ஒட்டிவைக்கப் பசையும் ஒரு தாளும் போதும்.