மயக்க மருந்தின் அருகே நிற்பவர்

கெலமங்கலத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் ஓசூர் வந்து, அங்கிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூர்ப் பக்கம் வேலைக்குச் செல்லும் இளைஞர்களிடையே, தொழிற்சாலைச் சீருடை அணியாத ஒரு சிறு கூட்டத்தாரும் இப்போது உண்டு. அவர்கள் அனஸ்தீசியா டெக்னீஷியன்கள். மயக்க வாயு செலுத்தும் பாயில்ஸ் மெஷினைச் சோதித்து, ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் போதுமா என்று பார்த்து, மூச்சுக் குழாய்களை அளவுவாரியாக எடுத்து வைத்து, மருந்தை ஊசியில் ஏற்றிப் பெயரெழுதி ஒட்டி, நோயாளி கண் விழிக்கும் வரை டாக்டரின் அருகிலேயே நிற்பது அவர்கள் தொழில். ஆயினும் அவர்கள் கை எதுவரை செல்லலாம், எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும் என்று வரையறுத்துச் சொல்லும் சாசனம் இந்நாட்டில் நெடுங்காலம் இல்லாமலே இருந்தது.

மயக்க மருந்தை டாக்டரே கொடுக்கவேண்டும் என்பது நம் சம்பிரதாயம். அதன் குணத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளியை உறங்க வைப்பது பழகிய கைக்கு எளிதாக வந்துவிடும். ஆனால் உறக்கத்தினிடையே இரத்த அழுத்தம் சரிந்து, குரல்வளை இறுகி, நகக்கண் நீலம் பாரிக்கும் அந்தச் சில நிமிஷங்களில் காரணத்தை ஊகித்து மருந்தை மாற்றவல்லது, உடலின் இயல்பையும் மருந்தின் குணத்தையும் பல ஆண்டுகள் பயின்ற புத்தியே ஆகும்.

அமெரிக்காவோ வேறு வழி சென்றது. அங்கே நர்ஸுகளே மயக்கம் கொடுத்து வந்தனர். அது அனுமதியின்றி வைத்தியம் செய்வதாகும் என்று டாக்டர்கள் தொடுத்த வழக்கில், சர்ஜனின் மேற்பார்வையில் நடப்பது அவ்வாறாகாது என்று 1936இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேற்பார்வை என்னும் நிபந்தனையிலிருந்தே மாகாணங்கள் விலகிக்கொள்ள 2001இல் மத்திய அரசு இடங்கொடுத்ததும், அயோவா முதலில் விலகியது. நோயாளியின் க்ஷேமத்தோடு இரு தரப்பாரின் வருமானமும் அவ்விவாதத்தில் பின்னிக் கிடப்பதை மறைப்பதற்கில்லை. பிரிட்டனில், டாக்டரல்லாத மயக்க மருந்துப் பணியாளருக்கு வழங்கிய ‘அசோசியேட்’ என்னும் பட்டம் நோயாளிக்குக் குழப்பம் தருவதால் அதை ‘அசிஸ்டென்ட்’ என மாற்றவேண்டும் என்று 2025இல் லெங் அறிக்கை பரிந்துரைத்தது. பெயரில் நேர்மை வேண்டும் என்ற அந்தக் கருத்து எனக்கு முற்றும் உடன்பாடு.

நம் சம்பிரதாயத்தின் குறை, டாக்டர் இல்லாத ஊரில் அது வாய் திறவாமல் நின்றுவிடுவது. லட்சம் பேருக்கு ஐந்து மயக்க மருந்து நிபுணராவது வேண்டும் என்பது மயக்க மருந்து நிபுணர் சங்கங்களின் உலகச் சம்மேளனத்தின் கணக்கு. அஞ்செட்டி மலையோரத்திலிருந்து நள்ளிரவில் சிசேரியனுக்கு வரும் பெண்ணுக்கு அந்தக் கணக்கால் பயனில்லை. எம்.பி.பி.எஸ். டாக்டருக்குப் பதினெட்டு வாரம் பயிற்சி தந்து பிரசவ அவசரத்துக்கு மயக்கம் கொடுக்க வைத்த மத்திய அரசின் திட்டம் இக்குறைக்கு ஏற்பட்ட பரிகாரமே. உயிர்களைக் காக்க வழி செய்த ஏற்பாடு அது. ஆனால் பயின்று திரும்பியவர் அபூர்வமாகவே கேஸ் வரும் ஆஸ்பத்திரியில் அமர்ந்தால் கைப்பழக்கம் தேய்கிறது, மேற்படிப்புக்கோ இடமாற்றத்திலோ சென்றால் பயிற்சியும் அவருடனே போய்விடுகிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியால் மாவட்டத்தின் நிலை காலக்கிரமத்தில் மாறலாம். பிரசவ வேதனை அதுவரை பொறுத்திராது.

2021இல் இயற்றப்பெற்ற துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய தேசிய ஆணையச் சட்டம், மயக்க மருந்து உதவியாளரையும் தொழில்நுட்பரையும் முதன்முறையாக அட்டவணையில் ஏற்றியது. சட்டத்தை அமல் செய்வதில் ஏற்பட்ட தாமதத்தைக் கண்டு, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு விதிக்க நேர்ந்தது. துணைத் தொழிலாளர்க்கு இரண்டாயிரம் மணி நேரத்துக்குக் குறையாத, இரண்டு முதல் நான்கு ஆண்டுப் படிப்பு என்று அச்சட்டம் அளவு வகுக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளோ ஓராண்டுச் சான்றிதழ் வழங்கி வந்தவை. எல்லைக்கு அப்பால் கர்நாடகத் துணை மருத்துவ வாரியத்தின் டிப்ளமாவும், ராஜீவ் காந்தி பல்கலைக்கழகத்தின் பட்டமும் உண்டு. பட்டுக்கூடு விற்ற பணத்தில் பிள்ளையைப் படிக்கவைக்கும் கெலமங்கலத்துத் தகப்பனார், இக்காகிதங்களில் எது எந்த ராஜ்யத்தில் செல்லும் என்பதை அறியாமலே பணத்தைக் கட்டிவிடுகிறார். ஆஸ்பத்திரிகள் பெருகுவதால் வேலை கிடைக்கிறது. உயர்வுக்கு வழியோ, செய்யும் வேலைக்குத் தக்க அந்தஸ்தோ கிடைப்பதில்லை.

டெக்னீஷியனுக்குச் சுதந்திர அதிகாரம் வழங்கவேண்டும் என்பதன்று என் வாதம். டாக்டர் பற்றாக்குறையைச் சிக்கனமாக நிரப்ப அவரைப் பலிகொடுப்பதையும் நான் வேண்டேன். சிறிய நர்ஸிங் ஹோம்களில், கேஸுக்கு இவ்வளவு என்று கூலி பெற்று ஊர் ஊராகச் செல்லும் நிபுணர், நோயாளி முழுதும் தெளியுமுன்னரே அடுத்த ஆஸ்பத்திரிக்கு விரைய, டெக்னீஷியனே தனியாகக் காவல் நிற்பது உண்டு. சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை இருட்டில் கொடுத்து, விபரீதம் நேர்ந்தால் அவரையே முன்னிறுத்தும் இந்த வழக்கம் இரு பக்கத்திலும் அநியாயமானது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமையும் மாநிலக் கவுன்சில் பதிவேட்டைத் திறக்கும்போது பெயரும் படிப்பும் மட்டும் எழுதினால் போதாது. எவ்வேலையை டாக்டர் உடனிருக்கையில் செய்யலாம், எதைத் தனியே செய்யலாம், டாக்டர் தியேட்டரை விட்டு அகலும்போது நோயாளியை யாரிடம் எத்தனை மணிக்கு ஒப்படைத்தார் என்பதைக் கேஸ் ஷீட்டில் எவர் கையொப்பமிட்டு எழுதவேண்டும் என்பவற்றையும் அதே விதிகளில் சேர்த்தெழுத வேண்டும்.