கைபட்ட கருவிகள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு தார்ப்பாயின் மேல் இரண்டு கேமராக்கள் அடுத்தடுத்துக் கிடந்தன. ஒன்று யாஷிகா எலெக்ட்ரோ 35. பழுப்புத் தோல் உறைக்குள் பத்திரமாக இருந்தது. உறையின் பொத்தானைக் கழற்றியதும், நேற்றுத்தான் கடையிலிருந்து வந்ததுபோல மின்னியது. மற்றது யாஷிகா மேட் 124ஜி. அதற்கு உறை கிடையாது. கல்யாண வீடுகளில் அலைந்து திரிந்த உடம்பு என்பது பார்த்ததுமே தெரிந்தது. விரல் பிடிக்கும் இடங்களிலெல்லாம் கருப்பு வண்ணம் போய் உலோகம் வெளுத்திருந்தது. கழுத்து வாரின் கொக்கி உரசி உரசிப் பக்கவாட்டில் ஒரு தடமே விழுந்திருந்தது.

நான் இரண்டாவதைக் கையில் எடுத்தேன்.

“அது யாரோ ஸ்டுடியோக்காரர் போட்டுட்டுப் போனது தம்பி. இதைப் பாருங்க, புதுசு மாதிரியே இருக்கு” என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதற்காக அதையும் பார்த்தேன். செல்போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்ததும், முன் கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய வெள்ளை இழைகள் வேர்விட்டுப் பரவியிருப்பது தெரிந்தது. பூஞ்சை. ஃபிலிம் நகர்த்தும் லீவரை இழுத்துக் காதருகே வைத்துக் கேட்டேன். நல்ல நிலையில் உள்ள எலெக்ட்ரோவில் அந்த நேரம் உள்ளே ‘டொக்’கென்று ஒரு சத்தம் வரும். உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் துண்டு உளுத்துவிட்டால் அந்தச் சத்தம் நின்றுபோகும். இதில் சத்தமே இல்லை.

வண்ணம் உதிர்ந்த மேட்டைத் திருப்பிக்கொண்டேன். பக்கவாட்டுக் கைப்பிடியை முன்னால் சுற்றி, பின்னால் திருப்பினேன். ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அழுத்தினேன். ‘ஜீ...ங்’ என்று உள்ளே பல்சக்கரங்கள் ஒரே சீராக ஓடி, சொன்ன நேரத்துக்கு ‘க்ளிக்’ என்று மூடிக்கொண்டது. தடுமாற்றமோ இழுவையோ இல்லை. பின்கதவைத் திறந்து, லென்ஸ் வழியாக வானத்தைப் பார்த்தேன். துல்லியமான நீலம்.

பழைய கேமராக்களையும் ரேடியோக்களையும் தேடி அலைந்த இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இந்த இரண்டு கேமராக்களுக்குள் அடங்கிவிடும்: உழைத்த கருவியை வாங்கு, பூட்டிவைத்த கருவியை நம்பாதே.

கேட்பதற்கு இது தலைகீழாக இருக்கும். புடவையோ புத்தகமோ வாங்கும்போது கைபடாததைத்தான் தேடுகிறோம். ஆனால் சுழலும் உறுப்பும் திறந்து மூடும் உறுப்பும் கொண்ட கருவிகளின் கணக்கு வேறு. இயக்கம்தான் அவற்றுக்கு மருந்து. சும்மா கிடப்பதுதான் நோய்.

ஷட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செகண்டை அளக்க அதற்குள் கடிகாரத்தைப் போலவே ஒரு பல்சக்கரத் தொடர் இருக்கிறது. அதற்கு இட்ட எண்ணெய், ஓடிக்கொண்டிருக்கும்வரை இளகியே இருக்கும். பல வருஷம் அசையாமல் கிடந்தால் பிசினாக இறுகிவிடும். அதனால்தான் அலமாரியில் தூங்கிய கேமராவின் ஒரு செகண்ட் மூன்று செகண்டாக நீளும், சில நேரம் பாதியிலேயே நின்றுவிடும். தோல் உறையின் கதையும் அதேதான். நம் கடற்கரை ஊர்களில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. இருட்டு, ஈரம், காற்றோட்டம் இல்லாத சிறு அறை: பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? அது விடும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் தழும்பு போகாது. வாரம் ஒருமுறை வெயிலையும் காற்றையும் பார்த்த கேமராவுக்கு இந்த நோய் எளிதில் வருவதில்லை. பத்திரப்படுத்தியவர் அன்பால்தான் பத்திரப்படுத்தினார். அந்த உறைதான் லென்ஸைத் தின்றது.

சென்னையில் இந்தத் தேட்டத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1900இல் திறக்கப்பட்டு, 1985இல் தீயில் அழிந்த மூர் மார்க்கெட்டில் கிராமஃபோனுக்கும் பழைய புத்தகத்துக்கும் அலைந்தவர்களைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். மாட்டுச் சந்தையாகத் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்லாவரம் சந்தை, இப்போது அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. செடி, நாற்காலி, குழாய், கோழி, தையல் மிஷின் எல்லாம் தாண்டிப் போனால், காயலான் கடைக்குப் போகாமல் தப்பிய சாமான்களின் விரிப்புகள் வரும். நிழல் சுருங்குவதற்குள் போய்விட வேண்டும். போணி நேரத்தில் கடைக்காரருக்கும் மனசு இளகியிருக்கும்.

அங்கே ரேடியோக்கள் வந்தால் நான் முதலில் பார்ப்பது குமிழ்களைத்தான். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று நம் வீடுகளின் கூடத்தில் நடுநாயகமாக இருந்த வால்வு ரேடியோக்கள் அவை. அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் எடுத்துத்தான் அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க முடியும். ஒரு பிலிப்ஸ் பெட்டியைச் சந்தையில் பார்த்தேன். ஒலிக் குமிழின் ஓரத்து வரிப்பள்ளங்கள் விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருந்தன. நிலையங்களின் பெயர் அச்சிட்ட கண்ணாடியில், சிற்றலைப் பட்டைக்கு நேராக யாரோ நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். தினமும் ஒரே இடத்துக்கு முள்ளைக் கொண்டுபோய் நிறுத்திய கை அது. இலங்கை வானொலிக்காகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் புள்ளியைப் பார்த்ததுமே பெட்டியை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் வாங்கியதும் வீட்டில் பிளக்கைச் சொருகிவிடக் கூடாது. பழைய ரேடியோவைக் கொல்ல அதைவிட எளிய வழி இல்லை. மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கண்டென்சருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்வரைதான் அந்தப் படலம் திடமாக இருக்கும். வருஷக்கணக்கில் மின்சாரம் காணாவிட்டால் மெலிந்துபோகும். திடீரென்று 230 வோல்ட் ஏறினால் கண்டென்சர் சூடாகி வெடிக்கும். கூடவே டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்து போகலாம். இதுவும் சும்மா கிடந்ததால் வரும் நோய்தான்.

எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் இதற்கு ஒரு மரப்பலகை வைத்திருக்கிறார். அதில் ஒரு ஹோல்டர், 100 வாட் குண்டு பல்பு, ஒரு பிளக் பாயிண்ட். மின்சாரம் பல்பைத் தாண்டித்தான் ரேடியோவுக்குப் போக வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், ரேடியோ பிழைத்துக்கொள்ளும். என் பிலிப்ஸைக் கொண்டுபோன அன்று நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பல்பையே பார்த்தோம். முதலில் பளிச்சென்று எரிந்தது. பிறகு மெல்ல மெல்ல மங்கி, இழை மட்டும் செம்மையாகத் தெரிந்தது. “நல்லா இருக்கு சார், பாடின பெட்டி” என்றார் அவர். பழுதாகிப்போன இரண்டு கண்டென்சர்களை மட்டும் மாற்றினார். பிறகு பல்பு இல்லாமல் நேரடியாக மின்சாரம். அரை நிமிஷம் ஒன்றுமில்லை. வால்வுகள் சூடேறி, தூசி காயும் வாசனை அறை முழுக்கப் பரவியது. முகப்பில் இருந்த ‘மேஜிக் ஐ’ பச்சையாகக் கண் திறந்தது. அப்புறம்தான் குரல் வந்தது. மரப்பெட்டியின் வயிற்றிலிருந்து எழும் அந்தக் கனத்த குரலை, கைக்குள் அடங்கும் எந்தக் கருவியிலும் நான் கேட்டதில்லை.

ரெக்கார்டு பிளேயர் விஷயத்தில் இந்தப் பாடத்துக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகரத்தில் செய்யப்பட்ட காராடு பிளேயர் ஒன்று, அட்டைப்பெட்டியோடு, கீறல் இல்லாமல் கிடைத்தது. கைபடாத பொருள் என்ற மயக்கத்தில் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து தட்டை வைத்தால், மிருதங்கத் தனி ஆவர்த்தனத்துக்கு அடியில் ‘தொம் தொம்’ என்று இன்னொரு தாளம். அந்த வகை பிளேயரில் மோட்டாரின் அச்சுக்கும் சுழலும் தட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும். மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் தட்டைச் சுற்றும். யாரோ பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கைப்பிடியை ‘ஆஃப்’ பக்கம் தள்ளாமல், சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அழுந்தியபடியே வருஷக்கணக்கில் நின்ற ரப்பரில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்தப் பள்ளம் தன் இருப்பைச் சொல்கிறது. தினமும் ஓடியிருந்தால் ரப்பர் உருண்டையாகவே தேய்ந்திருக்கும்.

உழைப்பெல்லாம் நன்மை என்று சொல்லிவிடவும் முடியாது. தேய்வதற்கென்றே செய்த உறுப்புகள் உண்டு. ரெக்கார்டு பிளேயரின் ஊசி தேய்ந்திருந்தால், அது தட்டின் பள்ளத்தை அறுத்துவிடும். அதை மாற்றாமல் ஒரு தட்டையும் வைக்கக் கூடாது. ஸ்பூல் டேப் ரெக்கார்டரின் ஹெட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நாடா ஓடிய தடம் படியாக இடறினால் விட்டுவிடுங்கள். திருகாணிகளையும் பார்க்க வேண்டும். தலை சிதைந்த திருகாணி, தெரியாத கை உள்ளே போயிருக்கிறது என்பதன் சாட்சி. வண்ணம் போனது மூப்பு. திருகாணி சிதைந்தது காயம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகியதும் சந்தையே வேறு விதமாகத் தெரியத் தொடங்கும்.

சில கருவிகள் இந்தக் கவலைகளுக்கெல்லாம் அப்பாற்பட்டவை. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்த ஆக்ஃபா கிளிக் III அப்படி ஒன்று. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு தகடும்தான் ஷட்டர். பிசினாக இறுகப் பல்சக்கரமே கிடையாது. நம் வீட்டு ஆல்பங்களில் மாமாவும் அத்தையும் மெரினாவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படங்களில் எத்தனையோ இந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்தவை. ஒருமுறை அப்படி ஒரு கிளிக்கோடு ‘இந்து’ என்று பெயர் போட்ட ஃபிலிம் டப்பாவும் கிடைத்தது. 1960இல் தொடங்கப்பட்டு, 1967 முதல் உதகமண்டலத்தில் ஃபிலிம் செய்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் டப்பா. ஆலை மூடிவிட்டது. காலாவதித் தேதி தாண்டிய அந்த டப்பா மட்டும் என் மேஜையில் இருக்கிறது. என்னிடம் உள்ளவற்றில் உழைக்காத பொருள் அது ஒன்றுதான். ஊட்டி மலையில் வெள்ளியையும் ஜெலட்டினையும் இருட்டறையில் பூசிய கைகளை நினைத்துக்கொள்ள அதை வைத்திருக்கிறேன்.

சந்தையில் பேரம் முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் பக்கத்து டீக்கடையில் கூடுவோம். ஒருவர் பையிலிருந்து ரேடியோ குமிழ் வரும், இன்னொருவர் சட்டைப்பையிலிருந்து லென்ஸ் மூடி வரும். எனக்குத் தேவையில்லாத ஸ்பூல் அவருக்கு வேண்டும், அவரிடம் மிஞ்சிய வால்வு எனக்கு வேண்டும். பணம் கைமாறுவது அபூர்வம். தனித்தனியாகக் கிடந்தால் குப்பையாகும் உறுப்புகள் அங்கே சரியான உடம்பைத் தேடிப் போய்ச் சேர்ந்துவிடும்.

வாங்கிய பொருளுக்கு நானும் கடன்பட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராக்களை ஜன்னலோரம் வரிசையாக வைத்து, ஒரு செகண்டிலிருந்து 500இல் ஒரு பங்குவரை ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை ஓட்டுகிறேன். ரேடியோ அரை மணி நேரம் பாடும். செல்போன் சார்ஜர்களையும் எல்இடி விளக்குகளையும் அணைத்துவிட்டால் மத்திய அலையின் இரைச்சல் அடங்கி, குரல் தெளியும். பிளேயரின் கைப்பிடியை மறக்காமல் ‘ஆஃப்’ பக்கம் தள்ளுகிறேன். நேரம் ஒதுக்க முடியாத கருவிகளைச் சந்தைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வேறொரு கை அவற்றுக்குக் கிடைக்கட்டும்.

அந்த யாஷிகா மேட்டை 2,500 ரூபாய்க்கு முடித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதில் ஒரு ரோல் போட்டுக்கொண்டு அதே தார்ப்பாய்க்குப் போனேன். குனிந்து பார்த்தால், கேமராவின் தேய்த்த கண்ணாடித் திரையில் கடைக்காரர் இடவலம் மாறி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அந்த எலெக்ட்ரோ இன்னும் உறைக்குள்ளேயே இருந்தது. முதல் படம் அவருக்கு.

இரண்டு வாரம் கழித்துப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் விழுந்திருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “எந்த கேமராவுல எடுத்தது?” என்றார்.

“உங்ககிட்ட வாங்கினதுலதான் அண்ணே. அந்தச் சாயம் போனது.”

அன்று ஏன் பளபளப்பை விட்டுவிட்டு அதை எடுத்தேன் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். தோல் உறையையும் ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றிச் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு படத்தைச் சட்டைப்பையில் வைத்தார். விரிப்பில் இருந்த கேமராக்களை ஒவ்வொன்றாக எடுத்து, உறைகளின் பொத்தானைக் கழற்றி, லென்ஸ் வானத்தைப் பார்க்கும்படி வெயிலில் வரிசையாக வைக்க ஆரம்பித்தார்.