டோட்டோ-சான் பள்ளியில் நாம் கவனிக்கத் தவறியது

ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயநாகி எழுதி 1981-இல் வெளிவந்த 'டோட்டோ-சான்' தமிழிலும் கிடைக்கிறது. வாசகர்களில் பலர் படித்திருப்பீர்கள். படித்தவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றே: "இப்படி ஒரு தலைமையாசிரியர் நமக்குக் கிடைக்கவில்லையே!" இந்த ஏக்கம் சரிதானா என்று சற்று ஆராய்வோம்.

நூலில் உள்ளவை ஆசிரியையின் சொந்த அனுபவங்கள். முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி, டோக்கியோவிலிருந்த தோமோயே பள்ளியில் சேருகிறாள். பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். மாணவர்கள் சுமார் 50 பேர். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே அவள் பேச்சை நான்கு மணி நேரம் கேட்கிறார். தான் நீக்கப்பட்டவள் என்பது அவளுக்குத் தெரிந்ததே இருபது வயதுக்குப் பிறகுதான்.

கோபயாஷியின் அன்பை நூல் அழகாகக் காட்டுகிறது. ஆனால் அந்த அன்பு எவ்வாறு செயல்பட்டது? மதிய உணவில் கடலில் கிடைப்பது ஒன்றும் நிலத்தில் விளைவது ஒன்றும் இருக்க வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியரின் மனைவி இரண்டு பாத்திரங்களுடன் வந்து, எது குறைகிறதோ அதை இடுவார். எந்தக் குழந்தையும் தலைகுனிய வேண்டியதில்லை. விளையாட்டு விழாவில், உயரம் வளராத ஒரு சிறுவனும் வெல்லும்படி போட்டிகள் அமைந்திருந்தன. அன்று எந்தப் பாடத்தை முதலில் படிப்பது என்பதை மாணவரே தீர்மானித்தனர். அதனால் யாருக்கு எதில் நாட்டம் என்பது ஆசிரியருக்குப் புலப்பட்டது. ஆம், இவை யாவும் ஏற்பாடுகள்; வெறும் நல்ல குணமன்று.

நூலின் குறை இங்கேதான். ஏற்பாடுகளைச் சொல்லிவிட்டுப் புகழ் முழுவதையும் ஒரு மனிதருக்கே அளித்துவிடுகிறது. மேலும், இது மகிழ்ச்சியாக இருந்த ஒரு குழந்தையின் நினைவு. அங்கே மனம் ஒட்டாத குழந்தை எவரேனும் இருந்தாரா என்பதை இதிலிருந்து அறிய முடியாது. ஒரே ஓர் அளவீட்டை வைத்து விதி வகுக்கக் கூடாது என்று சோதனைச்சாலையில் கற்பிக்கிறோம் அல்லவா?

எனினும், சோதித்துப் பார்க்கலாம். 60 பேர் உள்ள என் வகுப்பில் ஒவ்வொருவரும் விரும்பிய பாடத்தைப் படிக்கச் செய்ய இயலாது. ஆனால் வருகைப் பதிவில் எண்ணைக் கூப்பிடுவதை விட்டு, பெயர் சொல்லி முகம் பார்க்கத் தொடங்கினேன். இரண்டு நிமிடம் கூடுதலாகிறது. சென்ற பருவத்தில், மூன்று நாட்களாக வாடிய முகத்துடன் பதில் சொன்ன ஒரு மாணவரைத் தனியே அழைத்து விசாரித்தேன். படிப்பை நிறுத்திவிடும் முடிவில் இருந்தார். இன்றும் வகுப்புக்கு வருகிறார். எண்ணைக் கூப்பிட்டிருந்தால் எனக்குத் தெரிந்திராது.

தோமோயே 1945-இல் குண்டுவீச்சில் எரிந்தது. கோபயாஷி 1963-இல் மறைந்தார். அவரைப்போல் ஒருவர் வருவாரென்று காத்திராமல், அந்த இரண்டு பாத்திரங்களுக்கு ஈடாக நம் வகுப்பில் எதை வைக்கலாம் என்று எண்ணியபடி நூலை மீண்டும் படியுங்கள்.