கமலா கான்: நம்மட ஆளும் நம்மட கதையும்

"உம்மா, ஓடி வாங்களே, இவ நம்மட ஆள்!"

மகள் போட்ட சத்தத்தில் குசினியிலிருந்து போய்ப் பார்த்தேன். அவளுடைய நானாவின் லெப்டொப் திரையில் கமலா கான் நின்றாள். 2020இல் வெளிவந்த 'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' என்ற வீடியோ கேமின் கதாநாயகி. அமெரிக்காவின் ஜேர்சி சிட்டியில் வளரும், பாகிஸ்தானியக் குடும்பத்து முஸ்லிம் பிள்ளை. மகளின் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் 'நம்மட ஆள்' என்பதோடு விமர்சனம் முடிந்துவிடுமா?

வீடியோ கேம்களில் பெண் வந்த வழியைப் பார்த்தால் அந்தச் சந்தோஷத்தின் நியாயம் விளங்கும். 1986இல் நின்டெண்டோ வெளியிட்ட 'மெட்ரொய்ட்' விளையாட்டில், கவசத்துக்குள் நின்று போராடியது ஒரு பெண் என்பது கடைசியில்தான் தெரியவரும். எவ்வளவு வேகமாக முடிக்கிறோமோ அவ்வளவுக்கு அவளது உடுப்பும் குறையும். வீரம் அவளுடையது, பரிசு பார்க்கிறவனுக்கு! 1996இல் வந்த 'டூம் ரைடர்' லாரா குரொஃப்ட் தொடக்கத்திலிருந்தே பெண்ணாக வந்தாள். துணிச்சலும் அறிவும் உள்ளவள். ஆனாலும் அவளது அறிவைவிட உடம்பை வைத்தே கூடுதலாக வியாபாரம் நடந்தது.

கமலா அப்படிப்பட்டவள் அல்ல. கதை தொடங்கும்போது அவள் சிறுமி. வாப்பாவோடு தன் அபிமான வீரர்களைப் பார்க்க விழாவுக்கு வருகிறாள். அன்று நடக்கும் அனர்த்தத்தால் வீரர்கள் பிரிந்துபோகிறார்கள். ஐந்து வருடங்களுக்குப் பிறகு அவர்களைத் தேடிப்போய் ஒன்றுசேர்ப்பவளும் அவளே. அவளுடைய ஆசை, பயம், பிடிவாதம் எல்லாம் கதையை நகர்த்துகின்றன. அவள் யாருக்கும் பரிசல்ல.

அவள் முக்காடு போடவில்லையே என்று சிலர் கேட்கலாம். அவள் முதலில் பிறந்த காமிக்ஸில் தோழி நகியா ஹிஜாப் அணிகிறாள், கமலா அணிவதில்லை. இருவரும் முஸ்லிம் பிள்ளைகள்தான். எங்கட வகுப்பறைகளிலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அச்சில் வார்த்தவர்களா என்ன? ஒரு சமூகத்தை ஒரே உருவத்தில் அடைப்பதும் ஒருவகை அநியாயமே.

என்னுடைய குறை வேறு. பிரதான கதை முடிந்ததும் விளையாட்டு வெறும் அடிதடியாகிவிடுகிறது. அதே எதிரிகள், அதே கூடங்கள், ஆயுதங்களுக்கு ஏறிக்கொண்டே போகும் இலக்கங்கள். அங்கே கமலாவுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் கைகால் நீளுவது மட்டும்தான். வாப்பாவின் மகள் காணாமல் போய்விடுகிறாள். நல்ல பாத்திரத்தைப் படைத்தவர்கள், அவள் வாழ்வதற்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுக்கவில்லை. 2023 செப்டம்பர் 30உடன் அந்த விளையாட்டின் விற்பனையும் நிறுத்தப்பட்டது.

தமிழ்க் கதைகளில் முஸ்லிம் பாத்திரம் வரும்போது நாம் கேட்கும் கேள்வியை இங்கும் கேட்கத்தான் வேண்டும். பேரும் உடுப்பும் மட்டுமா நம்முடையவை, இல்லை அந்த மனுசிக்கென்று ஒரு மனமும் இருக்கிறதா? கமலாவுக்குப் பாதிவரை இருந்தது. மகளுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப மிச்சத்த ஆரு உம்மா எழுதுற?" என்றாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.