கழிவு தீவனமாகுமா? – ஓர் அட்டவணையின் குறைகள்

கோழி வளர்ப்பில் ஆகும் செலவில் பெரும்பகுதி தீவனத்திற்கே போய்விடுகிறது. ஆகவே தவிடு, பிண்ணாக்கு, மரவள்ளித் திப்பி, இறகுத் தூள் முதலிய துணைப்பொருள்களைத் தீவனத்தில் சேர்க்கலாம் என்று கூறும் கையேடுகளும் கட்டுரைகளும் அடிக்கடி வெளிவருகின்றன. இவற்றின் நோக்கம் நல்லதே. ஆனால் பலவற்றில் நாம் காண்பது ஒரே வகை அட்டவணைதான்: பொருளின் பெயர், புரத விழுக்காடு, விலை. இதை மட்டும் நம்பி முடிவு கூறுவது சரியா?

முதலில் புரத அளவை எடுத்துக்கொள்வோம். கெல்டால் 1883இல் வகுத்த முறைப்படி, பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கினால் கச்சாப் புரதத்தின் அளவு கிடைக்கும். அது செரிக்குமா என்பதை இக்கணக்கு கூறாது. கோழி இறகில் 80 விழுக்காட்டிற்கு மேல் கச்சாப் புரதம் உண்டு. அட்டவணையில் அதுவே முதலிடம் பெறும். ஆயினும் அது கந்தகப் பிணைப்புகளால் இறுகிய கெரட்டின். அழுத்த நீராவியில் வேகவைத்தாலன்றிக் கோழிக்கு அது பெரும்பாலும் செரிப்பதில்லை. வேகவைத்த பின்னும் லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்கள் அதில் குறைவாகவே இருக்கும்.

அடுத்து விலை. சேலம், நாமக்கல் பகுதிகளில் சவ்வரிசி ஆலைகளும் உண்டு. கோழிப் பண்ணைகளும் உண்டு. ஆலைக் கழிவான திப்பியில் மாவுப்பொருள் எஞ்சியிருப்பதால், மக்காச்சோளத்திற்கு மாற்றாக அது பேசப்படுகிறது. ஆனால் மக்காச்சோளத்தில் 8 அல்லது 9 விழுக்காடு புரதம் உண்டு. திப்பியிலோ மிகச் சொற்பம். அக்குறையை ஈடுசெய்ய வேறு புரதத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். அச்செலவையும் கூட்டாமல் திப்பி மலிவு என்பது அரைக்கணக்கே.

அரிசித் தவிட்டின் நிலையும் இத்தகையதே. அதிலுள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட்டாகக் கட்டுண்டிருப்பதால் கோழிக்கு எளிதில் கிட்டாது. எண்ணெய் நீக்காத தவிடோ சில நாட்களிலேயே சிக்கு வாடை பிடித்துக் கெடும்.

இவை அனைத்தினும் பெரிய குறை, நஞ்சுக்கு அட்டவணையில் இடமில்லாமைதான். 1960இல் இங்கிலாந்தில் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணமெனப் பின்னர் தெரிந்தது. அதில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூசணம் சுரந்த நஞ்சிற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். புரதத்தை மட்டும் அளந்திருந்தால் அப்பிண்ணாக்கு நல்ல தீவனமாகவே தோன்றியிருக்கும்.

துணைப்பொருள்களே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. இன்று கோழித் தீவனத்தின் முதன்மைப் புரதமான சோயாப் பிண்ணாக்கும் எண்ணெய் எடுத்த பின் எஞ்சுவதுதான். பச்சைச் சோயாவிலுள்ள டிரிப்சின் தடுப்பியை அளவான வெப்பத்தால் செயலிழக்கச் செய்யலாம் எனக் கண்ட பின்னரே அது தக்க தீவனமாயிற்று. ஆகவே ஒரு பொருளைப் பரிந்துரைப்போர், செரிக்கும் அமினோ அமிலங்கள், ஈரப்பதம், நஞ்சுச் சோதனை, சேர்க்கத்தக்க உச்ச அளவு ஆகிய நான்கையும் கூற வேண்டும். இவை இல்லாத பரிந்துரையை நம்பித் தீவனத்தை மாற்றும் சிறு பண்ணையாளர், அதன் குறையை அறிவது முட்டை குறைந்த பிறகே.