கணக்கு வைத்திருப்பவரும் படத்தில் இருப்பவரும்

சமூக ஊடகங்களைப் பயனுள்ள வகையிலும் பாதுகாப்பாகவும் கையாளச் சொல்லித்தருவது இன்று தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு வகுப்பு நடத்துகின்றன. பள்ளிகள் பெற்றோரைக் கூட்டிவைத்துப் பேசுகின்றன. சைபர் குற்றப் பிரிவுக் காவலர்கள் கல்லூரிகளுக்குப் போய் எச்சரிக்கிறார்கள். சொல்லப்படுவது எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: கடவுச்சொல் வலுவாக இருக்கட்டும், இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள், முன்பின் தெரியாதவரின் நட்பு அழைப்பை ஏற்காதீர்கள், கணக்கைப் பிறர் பார்க்க முடியாதபடி பூட்டுங்கள். அண்மை ஆண்டுகளில் இந்த அறிவுரையின் மேல் ஒரு வாதமும் எழுந்திருக்கிறது. இவற்றையெல்லாம் செய்துவிட்ட பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் படத்தைத் தயங்காமல் பகிரலாம். ஆசிரியரும் மருத்துவரும் தங்கள் பணியிடத்தைத் தாராளமாகக் காட்டலாம் என்பது அந்த வாதம். குடும்ப யூடியூப் சேனல்களையும் வகுப்பறை ரீல்ஸையும் பிரசவ அறைக் காணொளிகளையும் ஆதரிப்பவர்கள் முன்வைப்பது இதைத்தான். அது அடிப்படையிலேயே பிழையானது.

அறிவுரையின் பயனை மறுக்க வேண்டியதில்லை. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் 2024இல் நாடெங்கும் பேச்சானபோது, 1930 என்ற உதவி எண்ணை மக்களிடம் வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் சமூக ஊடகங்களுக்கும் பங்கு உண்டு. ஓர் ஊராட்சிப் பள்ளி ஆசிரியை பின்னங்களைக் காகித மடிப்பால் விளக்கும் காணொளி நூறு பள்ளிகளுக்குப் போகிறது. கொரோனாக் காலத்தில் தடுப்பூசி பற்றிய வதந்திகளுக்குப் பல மருத்துவர்கள் இங்கிருந்துதான் பதில் சொன்னார்கள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் தந்தை குழந்தையின் முதல் நடையைப் பார்ப்பதும் கைப்பேசியில்தான். இவை உண்மையான நன்மைகள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. காக்கப்பட வேண்டியவர் கணக்கு வைத்திருப்பவர் ஒருவரே என்று இந்த அறிவுரை எடுத்துக்கொள்கிறது. அவருடைய பணம், அவருடைய பெயர், அவருடைய வேலை ஆகியவற்றுக்கு ஊறு வராமல் பார்ப்பதே பாதுகாப்பு என்றாகிறது. ஆனால் பகிரப்படும் படங்களில் பெரும் பங்கில் இருப்பவர் வேறு ஒருவர்: குழந்தை, மாணவர், நோயாளி. பூட்டுவதற்கு அவரிடம் கணக்கே இல்லை. எதைப் போடுவது, எதை எடுப்பது என்ற முடிவும் அவர் கையில் இல்லை. மேலும், படம் எடுப்பவரை அண்டித்தான் அவர் வாழவோ படிக்கவோ குணமாகவோ வேண்டியிருக்கிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளி மருத்துவரிடம் 'வேண்டாம்' என்று எத்தனை உறுதியாகச் சொல்வார்? ஏழு வயது மாணவி ஆசிரியரிடம் அதைச் சொல்லவே மாட்டாள்.

தமிழகத்தில் இதைத் தெளிவாகக் காட்டுவது மஞ்சள் நீராட்டு விழா. ஒரு சிறுமி பூப்பெய்தியதை உறவுக்கும் ஊருக்கும் அறிவிக்கும் சடங்கு இது. தெருமுனையில் அவள் படத்தோடு பேனர் வைக்கும் வழக்கம் முன்பே இருந்தது. அதை அப்போதே பலர் கண்டித்தார்கள். இருந்தாலும் அந்த பேனர் அந்தத் தெருவோடு நின்றது, ஓரிரு நாளில் இறங்கியது. இப்போது விழாவுக்கு ஒப்பனை செய்தவரும் புகைப்படக் கலைஞரும் அதே படங்களைத் தங்கள் தொழில் பக்கத்தில் போடுகிறார்கள். அவர்களுக்கு அது அடுத்த வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கான மாதிரி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் உடல் அடைந்த மாற்றம் ஊரின் பெயரோடும், பல வேளைகளில் அவள் பெயரோடும் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர் முன்னால் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ஒப்பனைக் கலைஞர் தன் கணக்கைத் திருடர்களிடமிருந்து நன்றாகவே காத்திருப்பார். தாய் தந்தையும் தங்கள் கணக்குகளைப் பூட்டியிருப்பார்கள். வழக்கமான அறிவுரையின்படி அங்கே எந்தத் தவறும் நடக்கவில்லை. அந்த அறிவுரை எவ்வளவு போதாதது என்பதற்கு இந்த ஒரு விழாவே சான்று.

வகுப்பறையிலும் இதே நிலைதான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. முதலிடம் பெறாத பிள்ளைகளின் மனம் நோகக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அரசு கைவிட்டதைத் தனிப்பயிற்சி மையங்களும் பள்ளிகளும் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் மீட்டெடுத்துவிட்டன. மதிப்பெண்ணோடும் முகத்தோடும் மாணவர்கள் விளம்பரமாகிறார்கள். இதைவிட வருத்தம் தருவது வாசிக்கத் தடுமாறும் சிறுவனைப் படமெடுத்து, ஆசிரியரின் பொறுமையைக் காட்டும் காணொளியாக வெளியிடுவது. பார்ப்பவர்கள் ஆசிரியரை மனதாரப் பாராட்டுகிறார்கள். அந்தச் சிறுவன் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போதும் அந்தத் தடுமாற்றம் உடன்படிப்பவர்களின் கைப்பேசியில் இருக்கும். ஆசிரியரின் நோக்கம் நல்லது என்பதால் சிறுவனுக்கு நேரும் இழப்பு குறைந்துவிடாது.

மருத்துவத்தில் விதியாவது எழுதப்பட்டிருக்கிறது. அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ நோய் விவரத்தையோ அவர் அனுமதியின்றி இதழ்களில் வெளியிடக் கூடாது என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிகள் சமூக ஊடகத்துக்கென்றே வழிகாட்டுதல் தந்தன: நோயாளியின் படங்களைப் போடக் கூடாது, குணமானவர்களிடம் பாராட்டுக் காணொளி வாங்கக் கூடாது, விருப்பக்குறிகளையும் பின்தொடர்பவர்களையும் காசு கொடுத்துச் சேர்க்கக் கூடாது. அந்த விதிகள் அதே மாதத்தில் ஒட்டுமொத்தமாக நிறுத்திவைக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்தது பெரும்பாலும் மருந்துகளைப் பொதுப்பெயரில் எழுதவேண்டும் என்பது போன்ற பிரிவுகளுக்கு. சமூக ஊடகப் பகுதியும் அவற்றோடு சேர்ந்து கிடப்பில் போனது. 2024 அக்டோபரில் சென்னைப் பகுதி மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்கில் தந்தையே குழந்தையின் தொப்புள் கொடியை வெட்டும் காட்சி யூடியூபில் வெளிவந்து, சுகாதாரத் துறை நடவடிக்கை எடுத்தது. மருத்துவர் அல்லாதவர் வெட்டலாமா என்பதைச் சுற்றியே விவாதம் நடந்தது. அந்தக் கேள்வி முக்கியமானதுதான். பிறந்த நொடியிலேயே உலகத்தின் முன் வைக்கப்பட்ட குழந்தை அந்த விவாதத்தில் ஏறக்குறைய இடமே பெறவில்லை.

'எங்கள் கணக்கு பூட்டியது, உறவினர் மட்டுமே பார்க்கிறார்கள்' என்பது குடும்பங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். பூட்டு கணக்குக்குத்தான், படத்துக்கு இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் இருந்தால், அந்தப் படத்தை வெளியே எடுத்துப்போக நாற்பது வழிகள் இருக்கின்றன. சிறார் பாலியல் வக்கிரப் படங்களைப் பரிமாறும் சில தளங்களில் இருந்தவற்றில் பாதி வரை, பெற்றோர் சாதாரணமாகப் பகிர்ந்த படங்களே என்று ஆஸ்திரேலியாவின் சிறார் இணையப் பாதுகாப்பு அலுவலகம் 2015இலேயே எச்சரித்தது. குழந்தைகள் இயல்பாக விளையாடும் காணொளிகளின் கீழே கயவர்கள் கூடிப் பின்னூட்டம் இடுவது அம்பலமானதால், சிறுவர்கள் தோன்றும் பெரும்பாலான காணொளிகளில் பின்னூட்ட வசதியை யூடியூப் 2019இல் நீக்க வேண்டியிருந்தது. காணொளிகள் அங்கேயேதான் இருந்தன. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரப் பயன்பட்ட 'லயான்-5பி' என்ற படத்தொகுப்பில் பிரேசில், ஆஸ்திரேலியக் குழந்தைகளின் படங்கள் இருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2024இல் கண்டறிந்தது. அவற்றில் பல, ஒருசிலரே பார்த்த குடும்பப் பக்கங்களிலிருந்தும் காணொளிகளிலிருந்தும் வந்தவை. தேடினால் அகப்படாதபடி யூடியூபில் வைக்கப்பட்ட காணொளியும் தப்பவில்லை. சிலவற்றில் குழந்தையின் பெயரையும் இடத்தையும் படத்தின் குறிப்பிலிருந்தே அறிய முடிந்தது. இந்தப் பெற்றோர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். தங்களுக்குச் சொல்லப்பட்டதை அவர்கள் செய்திருந்தார்கள். அந்த அறிவுரை எதிர்பார்க்காத வழியில் படம் வெளியேறியது.

பணம் வரும் இடத்தில் கேடு இன்னும் ஆழமாகிறது. சார்லி சாப்ளினின் 'தி கிட்' (1921) படத்தில் நடித்த ஜாக்கி கூகன் குழந்தைப் பருவத்தில் பெரும்பணம் ஈட்டினார். வளர்ந்து பார்த்தபோது தாயும் மாற்றாந்தந்தையும் அதைச் செலவழித்திருந்தார்கள். 1938இல் அவர் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாகக் குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பகுதியைப் பாதுகாக்கும் சட்டம் 1939இல் கலிபோர்னியாவில் வந்தது. இந்தியாவிலும் குழந்தைத் தொழிலாளர் விதிகள் 2017இல் திருத்தப்பட்டபின், பதினான்கு வயதுக்கு உட்பட்ட கலைஞரை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போடப்பட வேண்டும். படப்பிடிப்புத் தளத்துக்கு இத்தனை கட்டுப்பாடு உண்டு. வரவேற்பறையில் தாய் தந்தை எடுக்கும் காணொளிக்கு ஆட்சியரிடம் அனுமதி கேட்கும் வழக்கமே இல்லை. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று சட்டம் தரும் விலக்கு இங்கே நிழல் கொடுக்கிறது. விவசாயக் குடும்பத்தையும் நெசவுக் குடும்பத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்ட விலக்கு, குழந்தையின் அழுகையும் கோபமும் பிறந்தநாளும் விளம்பர வருமானமாகும் தொழிலுக்கும் பொருந்துவதுபோல் ஆகிவிட்டது. அங்கே வேலை நேரம் எது, வீட்டு நேரம் எது என்று குழந்தையால் பிரித்தறிய முடியாது. அவள் நன்றாகச் சிரித்தால் இன்னொரு முறை சிரிக்கச் சொல்கிறார்கள்; அழும்போதும் கேமரா அணைவதில்லை.

சட்டங்கள் பலவும் கணக்கு வைத்திருப்பவரையே பார்க்கின்றன. 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் முக்கியத் தளங்களில் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா தடுத்திருக்கிறது. அதே வயதுப் பிள்ளையைப் பெற்றோர் தங்கள் கணக்கில் தினமும் காட்ட அந்தச் சட்டத்தில் தடை இல்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. தனிப்பட்ட தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ ஒருவர் தரவைக் கையாண்டால் அச்சட்டமே பொருந்தாது. தரவு குழந்தையுடையதாக இருந்தால், 'தரவுக்கு உரியவர்' என்ற வரையறைக்குள் பெற்றோரையும் அச்சட்டம் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே குழந்தையின் படத்தை வெளியிடுபவரும் அவர்களே, அதற்கு ஒப்புபவரும் அவர்களே, அதை எதிர்த்துக் கேட்க வேண்டியவரும் அவர்களே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் தீர்ப்பளித்தபோது, முன்பு சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சஞ்சய் கிஷன் கவுல், குழந்தைகள் இணையத்தில் விட்டுச்செல்லும் தடம் வாழ்நாள் முழுதும் அவர்களைத் துரத்தக் கூடாது என்று தனியே எழுதினார். அவர் கவலைப்பட்டது பிள்ளைகள் தாங்களே அறியாமல் விடும் தடத்தைப் பற்றி. பிறர் அவர்களுக்காக விட்டுவைக்கும் தடத்துக்கு அந்தக் கவலை இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் பள்ளியைத் தேர்வதும் பெற்றோர்தானே, படத்துக்கு மட்டும் ஏன் தனி நியாயம் என்று கேட்கப்படுகிறது. பெயரும் பள்ளியும் இல்லாமல் பிள்ளை வளர முடியாது. முடிவு எடுத்தே ஆகவேண்டிய இடம் அது. பொதுவெளியில் படம் இல்லாமல் எந்தப் பிள்ளையும் வளர முடியும். பெயரைப் பின்னர் அரசிதழில் மாற்றலாம், பள்ளியை அடுத்த ஆண்டே மாற்றலாம். பரவிய படத்தைத் திருப்பி அழைக்க வழியில்லை. பாட்டிக்கு அனுப்பும் ஒரு படத்தையும் எவரும் பார்க்கும் பக்கத்தில் போடும் படத்தையும் ஒன்றாக்கிப் பேசுவது இந்த வாதத்தின் வழக்கமான உத்தி. அன்பு முதலாவதோடு நிறைவடைந்துவிடுகிறது. இரண்டாவதைத் தேடிப் போகிறவர் பெறுவது தனக்கான கவனத்தை.

வேறு வழி சாத்தியமே என்பதற்கு பிரான்ஸ் சான்று. அங்கே 2020 அக்டோபரில் வந்த சட்டம், இணையக் காணொளிகளில் பணமீட்டும் பதினாறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் வருமானத்தைப் பொது வைப்பு நிறுவனத்தில் காக்கிறது. 2024 பிப்ரவரிச் சட்டம் குழந்தையின் அந்தரங்கத்தைக் காப்பதைப் பெற்றோரின் கடமைகளில் ஒன்றாக்கியது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. பெற்றோரில் ஒருவர் மறுத்தால் மற்றவர் படம் வெளியிடுவதை நீதிபதி தடுக்கவும் இடம் தருகிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. தன் படத்தை நீக்கும்படி குழந்தை தானே தளத்திடம் கேட்கலாம். பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. இந்தியச் சட்டத்திலும் தரவை அழிக்கக் கோரும் உரிமை இருக்கிறது. பதினெட்டு வயது நிறையும்வரை அதைக் குழந்தையின் சார்பில் பயன்படுத்த வேண்டியவர்கள், அந்தப் படத்தைப் போட்ட பெற்றோரே.