மாடியில் ஒரு சமவெளி

குன்னூரில் இருந்துகொண்டு, வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்க ஸ்மார்ட் ட்ரெய்னர் வாங்கினால் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “வாசலைத் தாண்டினா மலை. அப்புறம் மாடியில எதுக்குங்க மெஷின்?”

முதலில் என்னிடம் இருந்த பதில் ஒரே சொல்: நவம்பர்.

நீலகிரியில் கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழைக்கு நனையும் என்றால், கிழக்குச் சரிவில் இருக்கும் நாங்கள் வடகிழக்குப் பருவமழைக்கு நனைகிறோம். அக்டோபர் பாதியில் பிடித்தால் டிசம்பர் வரை விடாது. மேட்டுப்பாளையம் சாலையில் இன்று மண் சரிந்தது, நாளை மரம் விழுந்தது, மறுநாள் மலை ரயில் ரத்து என்றே செய்தி வரும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் யாரும் அடைமழையில் சாலையோரம் சைக்கிள் ஓட்ட மாட்டார்கள். மழை விட்டதும் நீர்ப்பனி, அதன் பின்னால் உறைபனி. சிம்ஸ் பூங்கா தாண்டியதும் மூடுபனிக்குள் நிற்பது நிறுத்திவைத்த லாரியா, காட்டெருமையா என்று இருபதடி நெருங்கினால்தான் தெரியும். இரண்டு வருடம் முன்பு எனக்கு அது லாரியாக இருக்கவில்லை.

அதனால் வாங்கினேன். அக்டோபர் கடைசியில் பெட்டி வந்தது. எங்கள் வீட்டுக்கு வண்டி வராது, அறுபது படி இறங்க வேண்டும். கூரியர் பையன் இருபது கிலோவை மெயின் ரோட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு, “கையெழுத்து போடுங்கண்ணா” என்று போய்விட்டான். அன்றைக்கு உடற்பயிற்சி அதோடு முடிந்தது.

தொழில்நுட்ப விவரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. டைரக்ட் டிரைவ் வகை. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, செயினை நேராக மெஷினின் பல்சக்கரத்தில் மாட்ட வேண்டும். உள்ளே கனமான ஒரு சுழல்சக்கரம், அதை இழுத்துப் பிடிக்க மின்காந்தம். ப்ளூடூத்தில் ஆப் சொல்கிறபடி மின்காந்தம் இறுக்கும், தளர்த்தும். திரையில் மேடு வந்தால் பெடல் கனக்கும். விலை அறுபதாயிரத்தைத் தாண்டியது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல சைக்கிளே கிடைக்கும் என்று வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

முதல் வாரம் எல்லோரையும் போல நானும் மலைதான் ஏறினேன். ட்ரெய்னரோடு இணைந்து திரையில் சாலை காட்டும் ஸ்விஃப்ட் ஆப்பில் ‘ஆல்ப் டு ஸ்விஃப்ட்’ என்றொரு ஏற்றம் இருக்கிறது. பிரான்சின் ஆல்ப் துவெஸ் மலைச்சாலையை, அதன் 21 கொண்டை ஊசி வளைவுகளோடு பிரதியெடுத்தது. டூர் டி பிரான்ஸ் 1952இல் முதன்முதலாக ஏறிய சாலை அது. உலகமெங்கும் சமவெளிக்காரர்கள் வீட்டுக்குள்ளிருந்தே அதில் ஏறுவதற்காகத்தான் இந்த மெஷினை வாங்குகிறார்கள். உண்மையான ஆல்ப் துவெஸின் சராசரி ஏற்றம் நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் சொச்சம். பாதி ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே கீழிருந்து மலை ரயிலின் கூவல் கேட்டது. கல்லாறிலிருந்து குன்னூருக்கு அந்த ரயில் 1899இலிருந்து ஏறிக்கொண்டிருக்கும் பல்சக்கரப் பாதையின் அதிகபட்சச் சரிவு 12.28 அடிக்கு ஓர் அடி. கணக்குப் போட்டால் அதுவும் நூறுக்கு எட்டு சொச்சம்தான். பிரெஞ்சுக்காரர்கள் பெருமைப்படும் சரிவில், இங்கே மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே ஜனங்கள் பயணம் செய்கிறார்கள். அதே சரிவுக்கு நான் மாதச் சந்தா, அதுவும் டாலரில், கட்டுகிறேன். பெடலை நிறுத்திவிட்டேன்.

அடுத்த நாள் வேறு எதையோ தேடப் போய் ‘டெம்பஸ் ஃப்யூஜிட்’ என்ற பாதையில் நுழைந்தேன். வட்டோபியா என்ற கற்பனைத் தீவில் ஒரு பாலைவனம். ஒரு சுற்று ஏறத்தாழ 17 கிலோமீட்டர், அதில் மொத்தமாக ஏறும் உயரம் இருபது மீட்டருக்கும் குறைவு. என் வீட்டுப் படிக்கட்டில் பால் வாங்கப் போய்வந்தாலே அதில் பாதி ஆகிவிடும்.

ஏறி உட்கார்ந்து மிதித்தேன். மிதித்துக்கொண்டே இருந்தேன். எதுவும் நடக்கவில்லை. மேடு வரவில்லை, பள்ளம் வரவில்லை, கியர் மாற்றவில்லை, பிரேக் தொடவில்லை. நாற்பது நிமிடம் கழித்துத்தான் உறைத்தது: என் வாழ்நாளில் இத்தனை நேரம் ஒரே சீராகப் பெடல் மிதித்ததே இல்லை.

மலையில் வளர்ந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். குன்னூரில் சைக்கிள் என்றால் இரண்டே நிலை. ஏறும்போது நெஞ்சு வாய்க்கு வரும். இறங்கும்போது கால் சும்மா தொங்கும், விரல் பிரேக்கில் விறைக்கும். வெலிங்டனிலிருந்து அருவங்காடு வரை கொஞ்சம் ‘ஃப்ளாட்’ என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் இடத்துக்குக் கோயம்புத்தூர்க்காரரை அழைத்துப் போனால் சிரிப்பார். ஆனால் உடம்பைத் தேற்றும் பயிற்சியில் பெரும்பகுதி, பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய நிதானத்தில், இதயத்துடிப்பு ஏறாமல் இறங்காமல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஓட்டுவதுதான். அடித்தளம் போடுவது என்று சைக்கிள்காரர்கள் சொல்வது அதைத்தான். அஸ்திவாரமே இல்லாமல் இருபது வருடம் மாடி கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரீஸ் சைக்கிள் பயணத்துக்கு வருகிறவர்களைப் பாருங்கள். கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளில் ஏற வேண்டும் என்பதற்காகச் சமவெளி நகரங்களில் மேம்பாலம் மேம்பாலமாக ஏறிப் பழகிவிட்டு வருகிறார்கள். அவர்கள் வீட்டு ட்ரெய்னரில் நீலகிரியைத் தேடுகிறார்கள். நான் என் ட்ரெய்னரில் அவர்கள் ஊரைத் தேடுகிறேன். நாலு மாதத்தில் எழுபது தடவைக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். அதில் அறுபது தடவை அந்தப் பாலைவனம்தான்.

இந்த ஊரின் குளிரும் மெஷினுக்கு ஒத்துப்போகிறது. சென்னையில் ட்ரெய்னர் வைத்திருக்கும் நண்பர் இரண்டு ஃபேன், ஏசி, கீழே துண்டு என்று கல்யாண மண்டபம் போல ஏற்பாடு செய்கிறார். நான் ஜன்னலைத் திறக்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு குறை, மெஷின்மேல் பழி போட முடியாத குறை. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாலையில் என்றால் அந்த மெல்லிய காற்று மூச்சுக்குப் பாதகம், வேகத்துக்குச் சாதகம். எதிர்த்துத் தள்ளும் காற்றும் குறைவு அல்லவா. வீட்டுக்குள் பாதகம் மட்டும் எனக்கு. நான் எந்த உயரத்தில் மூச்சு வாங்குகிறேன் என்று ஆப்புக்குத் தெரியாது. கடலோரத்தில் உட்கார்ந்து மிதிக்கிறவரோடு சரிசமமாக என்னைப் பட்டியலில் நிறுத்துகிறது. ஓட்டப்பந்தய மனமுள்ளவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி நிஜமான வயிற்றெரிச்சல். கரண்ட்.

மழைக்காலத்தில் இங்கே மரக்கிளை கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும். விழும் என்று பயந்தாலும் போகும். இந்த மெஷினில் மின்காந்தம் செத்தால் இறுக்கமும் செத்துவிடுகிறது. நூற்று நாற்பது வாட்டில் மிதித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று பெடலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. இருட்டில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் உடம்பு ஒரு குலுங்கு குலுங்குமே, அதே குலுக்கல், முழங்காலில்.

சரி, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று அதில் மாட்டினேன். அது இன்னும் மோசம். இன்வெர்ட்டர் கைமாற்றிக் கொடுக்கும் அந்தக் கண்ணிமைப்பில் மெஷின் அணைந்து மறுபடி உயிர் பெறும், ஆப்பைத் தேடும், கண்டுபிடிக்கும். அதற்குள் என் கால் வேகம் குறைந்திருக்கும். எர்க் மோடில் இருந்தால் மெஷினுக்கு ஒரே கணக்குதான்: கால் மெதுவானால், சொன்ன வாட்டை எட்டுவதற்கு இன்னும் இறுக்கு. நான் மெதுவாக, அது இறுக்க, நான் இன்னும் மெதுவாக, கடைசியில் சேற்றில் மாட்டிய மாட்டு வண்டி மாதிரி அப்படியே நின்றுபோவேன். கடைசியில் கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி மெஷினையும் வைஃபை பெட்டியையும் அதில் மாட்டினேன். அதற்கப்புறம் தொல்லையில்லை. அறுபதாயிரத்துக்கு மேல் கொடுத்தவன் இன்னொரு நாலாயிரத்தை அழுதுகொண்டே கொடுத்தேன்.

இந்த மின்வெட்டுகளில் ஒன்றில் அடாப்டர் போயிற்று. கம்பெனியின் பெயர் வேண்டாம். மெயில் போட்டால், மெஷினை வந்த பெட்டியிலேயே வைத்துப் பெங்களூருக்கு அனுப்பச் சொன்னார்கள். ஐயா, போனது அடாப்டர், கையடக்கம், அரை கிலோ. அதற்கு இருபது கிலோவை அறுபது படி தூக்க வேண்டுமாம். மூன்று மெயில், இரண்டு போட்டோ, ஒரு வீடியோ, பதினெட்டு நாள். பிறகு அடாப்டர் வந்தது. மெஷினைச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு, அதை விற்றபின் பார்த்துக்கொள்பவர்களுக்கு வேறு விதமான கும்பிடு.

சத்தம் பற்றி விளம்பரம் சொல்வது பொய்யில்லை. மெஷின் ஏறக்குறைய ஊமைதான். ஆனால் என் அறைக்கு மரப்பலகைத் தரை, பழைய குன்னூர் வீடு. மெஷின் பேசாததைப் பலகை பேசியது. மூன்றாம் நாள் கீழ்வீட்டுப் பாட்டி படியில் நிறுத்தினார். “ஏன் தம்பி, விடியக்காலைல ஆறு மணிக்கே கிரைண்டர் போடுறீங்களே, ஓட்டலுக்கு ஏதும் மாவு ஆட்டிக் குடுக்குறீங்களா?” ட்ரெய்னருக்கென்று விற்கிற விரிப்பு நாலைந்தாயிரம். நான் மாட்டுத் தொழுவத்தில் போடுகிற தடித்த ரப்பர் பாயை மேட்டுப்பாளையத்திலிருந்து வரவழைத்தேன். பாட்டி அதற்கப்புறம் மாவைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த மெஷினுக்கு வராதது இறக்கம். திரையில் சாலை சரிந்தால் பெடல் லேசாகிறது, அவ்வளவே. முகத்தில் காற்று இல்லை, வளைவுக்கு வளைவு ஹாரன் இல்லை, ஏறிவரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்பது இல்லை. குன்னூர்க்காரனுக்கு அது பெரிய இழப்பில்லை, கதவைத் திறந்தால் இறக்கம்தான். மற்ற ஊர்க்காரர்கள் ஏமாறுவார்கள்.

பிப்ரவரியில் வானம் தெளிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் வரை இறங்கி, சிறுமுகைச் சாலையில் நிஜமான சமதரையில் கொஞ்ச நேரம் ஓட்டினேன். மாடியில் பார்த்த அதே நிதானம், அதே மூச்சு. பிறகு திரும்பி மலை ஏறினேன். வழக்கமாக பர்லியாறில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எழவே மனம் வராது. அன்று கடையைக் கடந்து ஒரு வளைவு போன பிறகுதான் டீ ஞாபகமே வந்தது.

தீர்ப்பு: பந்தயத்துக்கும் படம் காட்டுவதற்கும் வாங்குகிறவர்கள் நகரத்தில் வாங்கட்டும், சர்வீஸ் பக்கத்தில் இருக்கும். மலையில் இருப்பவர்கள், மழை மாதங்களில் உடம்பை விட்டுவிடக் கூடாது என்று நினைத்தால், தாராளமாக வாங்கலாம். யுபிஎஸ் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், வந்த பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். வாங்குவதற்கு முன்னால் கொத்தனாரிடம் ஒரு ரசமட்டம் இரவல் வாங்கி அறையின் தரையில் வைத்துப் பாருங்கள். என் அறை ஜன்னல் பக்கம் அரை அங்குலம் தாழ்வு. ட்ரெய்னரின் ஒரு காலுக்கு அடியில் இன்னும் பிளைவுட் துண்டு இருக்கிறது.